கையிருப்பு ஏறியபோதே காசு தீர்ந்தது: இந்தியா 1991, இலங்கை 2022

இந்திய ரிசர்வ் வங்கியின் நீண்டகாலப் புள்ளிவிவரத் தொகுப்பில் 1990 மார்ச், 1991 மார்ச் ஆகிய இரண்டு வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், நாட்டின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு ஓராண்டில் 396.2 கோடி டாலரிலிருந்து 583.4 கோடி டாலராக ஏறியிருக்கிறது. 47 சதவீத ஏற்றம். அந்த ஓராண்டில்தான் இறக்குமதிக்குப் பணம் கட்ட முடியாத நிலைக்கு இந்தியா வந்து சேர்ந்தது.

இலங்கை மத்திய வங்கியின் மாதாந்தரக் கணக்கிலும் இதே விந்தை இருக்கிறது. 2021 நவம்பர் இறுதியில் சுமார் 158 கோடி டாலராக இருந்த கையிருப்பு, டிசம்பர் இறுதியில் சுமார் 310 கோடி ஆனது. ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. அடுத்த ஏப்ரல் 12 அன்று, வெளிக்கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அந்த நாடு அறிவித்தது.

இரண்டு எண்களும் பொய் அல்ல. இரண்டும் கணக்கு விதிகளின்படி சரியானவை. ஆனால் மொத்தக் கையிருப்பை மட்டும் வைத்து இரண்டு நாடுகளை ஒரே வரைபடத்தில் ஒப்பிடுபவர், இரண்டு நெருக்கடிகளின் உச்சத்தையும் முன்னேற்றம் என்று படித்துவிடுவார். இந்த ஆய்வு அந்த மொத்தங்களைப் பிரித்து, எந்தப் பகுதி கப்பலுக்குப் பணம் கட்ட உதவியது, எது உதவவில்லை என்று பார்க்கிறது.

மொத்தத்துக்குள் நான்கு பொருள்கள்

கையிருப்பு என்று வெளியிடப்படும் எண்ணில் நான்கு உருப்படிகள் உள்ளன: வெளிநாட்டு நாணயச் சொத்துகள், தங்கம், சர்வதேச நாணய நிதியம் உறுப்பு நாடுகளுக்கு ஒதுக்கும் சிறப்பு எடுப்பு உரிமையான எஸ்டிஆர், அந்த நிதியத்தில் நாடு கட்டியதில் உடனே திரும்ப எடுக்கக்கூடிய இருப்புப் பங்கு. இவற்றில் முதலாவதுதான் அன்றாடம் செலவழியும் பணம். அமெரிக்க அரசுப் பத்திரங்கள், பிற மத்திய வங்கிகளிலும் வெளிநாட்டு வணிக வங்கிகளிலும் உள்ள வைப்புகள் ஆகியவை இதில் அடங்கும். எஸ்டிஆரை வேறொரு நாட்டிடம் கொடுத்து டாலராக மாற்றிக்கொள்ளலாம், சில நாள் ஆகும். தங்கத்தை விற்கவோ அடகு வைக்கவோ வேண்டும். அது எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த வேலை எளிதாவதும் கடினமாவதும்.

இந்தியாவின் கணக்கில் நான்காவது உருப்படி 2004 ஏப்ரல் முதல்தான் அதிகாரபூர்வ மொத்தத்தில் சேர்கிறது. நீண்ட தொடரை வரைபவர்கள் இந்த முறிவைத் தவறவிடுவது வழக்கம். இன்னொன்று: இந்தியா நிதியாண்டு முடிவான மார்ச் 31ஐ ஆண்டுக் கணக்காக வைக்கிறது, இலங்கை டிசம்பர் 31ஐ வைக்கிறது. நெருக்கடிக் காலத்தில் மூன்று மாத வித்தியாசம் முழுக் கதையையும் மாற்றிவிடும். ஆகவே ஆண்டு எண்களை விட்டுவிட்டு, இரு நாட்டுக்கும் மாத இறுதி எண்ணையே எடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளியிடும் வாராந்தர எண், முந்தைய வார இறுதிக்கு உரியது. அதை மாத இறுதி எண்ணோடு கலக்கக் கூடாது.

இந்தியா: எடை மாறாத தங்கம், ஏழு மடங்கான மதிப்பு

| கோடி டாலர் | 1990 மார்ச் | 1991 மார்ச் |
|---|---|---|
| வெளிநாட்டு நாணயச் சொத்து | 336.8 | 223.6 |
| தங்கம் | 48.7 | 349.6 |
| எஸ்டிஆர் | 10.7 | 10.2 |
| மொத்தம் | 396.2 | 583.4 |

தங்கத்தின் வரிசையைப் பாருங்கள். ஓராண்டில் ஏழு மடங்கு. ரிசர்வ் வங்கியிடம் இருந்த தங்கத்தின் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. மாறியது மதிப்பிடும் விலை. 1990 அக்டோபர் 16 வரை 10 கிராம் தங்கத்துக்கு 84.39 ரூபாய் என்ற பழைய சட்ட விலையில் ரூபாய்க் கணக்கு எழுதப்பட்டது. அக்டோபர் 17 முதல் சர்வதேசச் சந்தை விலைக்கு நெருக்கமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். ரூபாயில் 281 கோடியாக இருந்த தங்கம் 1991 மார்ச்சில் 6,828 கோடி ஆனது. டாலர்க் கணக்கிலும் அதற்குமுன் இருந்தது சந்தை விலைக்குப் பல மடங்கு கீழான நிலையான விலைதான்.

திருத்துவது எளிது. 1991ஆம் ஆண்டின் தங்க மதிப்பையே 1990க்கும் பொருத்துங்கள்: 336.8, 349.6, 10.7 மூன்றையும் கூட்டினால் 697.1 கோடி டாலர். அங்கிருந்து 583.4க்கு இறக்கம், அதாவது 16 சதவீதச் சரிவு. 47 சதவீத ஏற்றம் 16 சதவீத இறக்கமாகிவிட்டது. இதுகூட நிலைமையைக் குறைத்தே காட்டுகிறது, ஏனென்றால் அசைந்தது நாணயச் சொத்து மட்டும்தான். அது 1990 ஆகஸ்டில் 310 கோடி டாலர். 1991 ஜனவரி 16 அன்று 89.6 கோடி. ஜனவரியில் சர்வதேச நாணய நிதியத்திடம் பெற்ற சுமார் 180 கோடி டாலர் கடனால் மார்ச் இறுதியில் 223.6 கோடி வரை மீண்டது. ஜூலை 12 அன்று திரும்பவும் 97.5 கோடி.

ஆக, மார்ச் இறுதியில் காட்டப்பட்ட நாணயச் சொத்தும் கடன் வாங்கி நிரப்பியதுதான். அந்த மார்ச் மாதக் கணக்கின்படி இந்தியாவிடம் 2.5 மாத இறக்குமதிக்கான கையிருப்பு இருந்தது. அதில் பாதிக்கு மேல் தங்கம். குறுகிய காலக் கடனுக்கும் கையிருப்புக்கும் உள்ள விகிதம் 146.5 சதவீதம். தங்கம் உட்பட முழுக் கையிருப்பையும் எடுத்துக் கொடுத்தாலும் குறுகிய காலக் கடனை அடைக்க முடியாது என்பதே இதன் பொருள். இந்த எண்தான் உண்மையைச் சொன்னது.

பணம் வெளியேறிய வழிகளும் தெளிவாகவே தெரிகின்றன. குவைத் போரால் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்து வந்த பணம் நின்றது. 1990-91இன் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வர்த்தகம் முதலியவற்றில் வந்த டாலரைவிட வெளியே போனது கூடுதலான அளவு, சுமார் 970 கோடி டாலர். வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புகள் 1990 அக்டோபரிலிருந்து வெளியேறத் தொடங்கி, 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் சுமார் 95 கோடி டாலர் போய்விட்டது. அந்தக் காலாண்டின் வெளியேற்றமும் ஜூலையில் எஞ்சியிருந்த நாணயச் சொத்தும் ஏறக்குறைய ஒரே அளவு.

தங்கம் எந்த ஊரில் இருக்கிறது?

அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். இறக்குமதியாளர்கள் முன்கூட்டியே கட்ட வேண்டிய ரொக்க வைப்பு படிப்படியாக 200 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. தொழிற்சாலைகள் உதிரிபாகம் இல்லாமல் தவித்தன, ஆனாலும் டாலர் தேறவில்லை. 1991 மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கத்திலிருந்து 20 டன், பாரத ஸ்டேட் வங்கி வழியாக, திரும்ப வாங்கும் உரிமையோடு சுவிட்சர்லாந்தில் விற்கப்பட்டது. கிடைத்தது சுமார் 20 கோடி டாலர். ஜூலை 4 முதல் 18 வரை நான்கு முறையாக 46.91 டன் தங்கம் விமானத்தில் இங்கிலாந்து வங்கிக்குப் போனது. அதை ஈடாக வைத்து இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் 40.5 கோடி டாலர் கடன் கிடைத்தது.

இந்த 40.5 கோடியை அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும். ஒரு அவுன்ஸ் சுமார் 367 டாலர் என்றால், 46.91 டன்னின் மதிப்பு ஏறக்குறைய 55 கோடி டாலர். கைக்கு வந்தது அதில் 73 சதவீதம். கையிருப்புப் பட்டியலில் தங்கம் முழு மதிப்பில் நிற்கிறது, நெருக்கடியில் அடகுக் கடையில் நகை வைப்பதுபோல முக்கால் பங்குதான் தேறுகிறது. அதுவும் பொருளை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு. ஒப்பிடும் தாளில் தங்கத்தை 100 சதவீதமாக எடுப்பது தவறு. 70 முதல் 75 சதவீதம் என்று வைப்பது இந்த நிகழ்வு தரும் நடைமுறை அளவு.

ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு இரண்டு படிகளில் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தார். 1993 மார்ச்சில் மாற்று விகிதம் சந்தையிடம் விடப்பட்டது. பின்னால் வந்த எல்லாவற்றையும்விடக் கையிருப்புக்கு அதிகம் உதவியது இந்தக் கடைசி முடிவுதான் என்பது எங்கள் கணிப்பு. காரணம் இலங்கையின் கதையில் வருகிறது.

இலங்கை: 4.6 மாதக் கையிருப்போடு விழுந்த நாடு

2018 ஏப்ரலில் இலங்கையின் கையிருப்பு சுமார் 990 கோடி டாலரைத் தொட்டது. 2018 இறுதியில் 690 கோடி. 2019 இறுதியில் 760 கோடி, அதாவது 4.6 மாத இறக்குமதிக்குப் போதுமானது. மூன்று மாத இறக்குமதி என்பதே உலகம் முழுவதும் சொல்லப்படும் குறைந்தபட்சம். அந்த அளவுகோலின்படி 2019 இறுதியில் இலங்கை பத்திரமான இடத்தில் இருந்தது. 28 மாதங்களில் கடனைக் கட்ட முடியாமல் நின்றது.

அளவுகோல் எதைப் பார்க்கவில்லை? அந்தக் கையிருப்பு எங்கிருந்து வந்தது என்பதை. 2007 அக்டோபரில் 50 கோடி டாலருக்கு முதல் பன்னாட்டுக் கடன் பத்திரத்தை இலங்கை வெளியிட்டது. அதன்பின் பழைய கடனை அடைக்கப் புதிய பத்திரம் என்று அந்த வழி நீண்டது. 2019இல் மட்டும் மார்ச்சில் 240 கோடி, ஜூனில் 200 கோடி. அந்த ஆண்டின் இறுதிக் கையிருப்பான 760 கோடியில் பாதிக்கு மேல், அதே ஆண்டில் பத்திரச் சந்தையில் திரட்டிய தொகைக்குச் சமம். ஆண்டுதோறும் 400 கோடி டாலருக்கு மேல் கடனும் வட்டியும் கட்ட வேண்டியிருந்தது. சந்தை திறந்திருக்கும் வரை இது ஓடும். 2019 இறுதியில் வரிகள் வெட்டப்பட்டன, 2020இல் தரமதிப்பீடுகள் சரிந்தன, சந்தை மூடியது. அதே நேரத்தில் பெருந்தொற்று. 2018இல் சுமார் 440 கோடி டாலர் கொண்டுவந்த சுற்றுலா, 2021இல் 50 கோடி அளவில் கிடந்தது.

2020 இறுதியில் கையிருப்பு சுமார் 570 கோடி. 2021 ஜூலையில் 100 கோடி டாலர் பத்திரம் முதிர்ந்தது, கட்டினார்கள். ஆகஸ்டில் சர்வதேச நாணய நிதியம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் எஸ்டிஆர் ஒதுக்கியபோது இலங்கைக்குச் சுமார் 78.7 கோடி டாலர் மதிப்பு வந்தது. அதே நாளில் இந்தியாவுக்கு வந்தது சுமார் 1,790 கோடி. இந்தியாவில் அது ஒரு வாரச் செய்தி. இலங்கையில் நான்கு மாதத்தில் தடமில்லாமல் கரைந்தது.

இனி அந்த டிசம்பருக்கு வருவோம். 158 கோடி 310 கோடியாக ஏறியதற்குக் காரணம், சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியுடனான 1,000 கோடி யுவான் நாணயப் பரிமாற்று ஒப்பந்தம் (இரண்டு மத்திய வங்கிகள் தங்கள் நாணயங்களைக் குறித்த காலத்துக்கு மாற்றிக்கொள்வது), அன்றைய விகிதத்தில் சுமார் 157 கோடி டாலர். இலங்கையின் கையில் மூன்று மாத இறக்குமதிக்கான கையிருப்பு இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. கையிருப்பு இல்லாத நாடு, கையிருப்பு இருந்தால் மட்டும் பயன்படுத்தக்கூடிய பணத்தைக் கையிருப்பாகக் காட்டியது. அதைக் கழித்துவிட்டால் டிசம்பர் எண் நவம்பரைவிடக் கொஞ்சம் குறைவு.

அதே மாதம் தங்கத்தின் மதிப்பு 38.2 கோடி டாலரிலிருந்து 17.5 கோடியாக இறங்கியது. பாதிக்கு மேல் தங்கம் விற்கப்பட்டிருந்தது. தங்கம் குறைந்து நாணயச் சொத்து அதே அளவு கூடுவதால் மொத்தத்தில் இது தெரியாது. மொத்தம் ஏறும் ஒரு மாதத்தில் தங்கத்தின் வரி மட்டும் திடீரென இறங்கினால், அதுவே எச்சரிக்கை மணி. இந்த ஒரு வரியை மட்டும் கவனித்திருந்தாலும் 2022 ஜனவரியிலேயே நிலைமை புரிந்திருக்கும்.

2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் பத்திரம் முதிர்ந்தது. அதையும் கட்டினார்கள். சீனப் பரிமாற்றைக் கழித்தால் கையில் இருந்தது 155 கோடி அளவு. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் போனது. நன்மதிப்பைக் காக்கவே இதைச் செய்தோம் என்பது அன்றைய வாதம். ஆனால் ஏப்ரல் 18 அன்று கட்ட வேண்டிய 7.8 கோடி டாலர் வட்டி கட்டப்படவில்லை, 30 நாள் அவகாசமும் முடிந்து மே மாதம் கடன் தவறியது. ஜனவரியின் 50 கோடி எதையும் காக்கவில்லை. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்டில், அந்தப் பணம் தவறான இடத்துக்குப் போனது என்றே சொல்ல வேண்டும்.

ஏப்ரல் இறுதியில் வெளியிடப்பட்ட கையிருப்பு 180 கோடி டாலர் அளவு. மே 4 அன்று நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடியது 5 கோடி டாலருக்கும் குறைவு என்றார். இரண்டு எண்களுக்கும் உள்ள விகிதம் 36க்கு 1. தலைப்பு எண்ணை நம்புவதன் விலை இதுதான்.

203 ரூபாயும் 3.5 சதவீதமும்

வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணம் இரண்டு நாட்டுக்கும் உயிர்நாடி. அந்தப் பணம் மாற்று விகிதத்துக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் கூர்மையான பாடம் இருக்கிறது.

2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் 7 வரை இலங்கை மத்திய வங்கி டாலரை 200-203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. வெளிச்சந்தையில் அதைவிட அதிகம் கிடைத்தது. வளைகுடாவில் வேலை செய்பவர் வங்கியில் போட்டால் 203, உண்டியல் எனப்படும் வங்கி சாராத பணமாற்று வழியில் கொடுத்தால் அதற்கு மேல். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2020 டிசம்பரில் வங்கிகள் வழியாக வந்தது 81.3 கோடி டாலர். 2021 டிசம்பரில் 32.5 கோடி. 2022 ஜனவரியில் 25.9 கோடி. ஆண்டுக் கணக்கில் 2020இல் 710 கோடி, 2021இல் 549 கோடி, 2022இல் 379 கோடி. அனுப்புவதை யாரும் நிறுத்தவில்லை, வழியை மாற்றிக்கொண்டார்கள். கையிருப்பைக் காக்க வைத்த 203 என்ற விலையே கையிருப்பின் முக்கிய ஊற்றை அடைத்தது. பிடி விட்டபோது மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது.

2013இல் இந்தியாவுக்கும் சோதனை வந்தது. அமெரிக்க மத்திய வங்கி பத்திரம் வாங்குவதைக் குறைக்கப்போகிறது என்ற செய்தியில் ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் 68.85 வரை விழுந்தது. கையிருப்பு 27,500 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. ரிசர்வ் வங்கி விகிதத்தைப் பூட்டவில்லை. மாறாக, வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் வங்கிகள் திரட்டும் மூன்றாண்டு டாலர் வைப்புகளை, ஆண்டுக்கு 3.5 சதவீத நிலையான செலவில் ரூபாயாக மாற்றித் தருவதாக ரகுராம் ராஜன் ஆளுநராகப் பொறுப்பேற்றதும் அறிவிக்கப்பட்டது. மாற்று விகித அபாயத்தை ரிசர்வ் வங்கி தன் தலையில் ஏற்றுக்கொண்டது. வைப்புகளில் 2,600 கோடியும் வங்கிகளின் வெளிக்கடனில் 800 கோடியுமாக 3,400 கோடி டாலர் சேர்ந்தது. இதுவும் கடன்தான், 2016 இலையுதிர் காலத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே டாலர் வாங்கி வைத்து அதைச் சலசலப்பின்றி முடித்தது. ஒரே புலம்பெயர் பணம், ஒரு நாட்டில் உண்டியலுக்கும் இன்னொரு நாட்டில் வங்கிக்கும் போனதற்குக் காரணம் தேசபக்தி அல்ல, கொடுத்த விலை.

இரு நாட்டையும் ஒரே தாளில் வைக்கும் முறை

விரிதாளில் மாதத்துக்கு ஒரு வரி போதும். முதலில் நாணயச் சொத்து. அடுத்து தங்கம், டாலரில் அல்லாமல் டன்னில். அதை முழுக் காலத்துக்கும் ஒரே நிலையான விலையால் பெருக்கி, வருவதை மீண்டும் 0.75ஆல் பெருக்க வேண்டும். பிறகு எஸ்டிஆரும் இருப்புப் பங்கும். இவற்றைக் கூட்டிய பின் கழிக்க வேண்டியவை மூன்று: பயன்பாட்டு நிபந்தனை உள்ள பரிமாற்றுத் தொகை, அடுத்த ஓராண்டில் முதிரும் முன்னோக்கு ஒப்பந்தங்களில் (பின்னொரு தேதியில் டாலர் கைமாற இன்றே விலை பேசிவைப்பவை) கொடுக்க வேண்டிய நிகர டாலர், ஒத்திவைக்கப்பட்ட நிலுவைகள்.

கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2022இல், ஆசிய மத்திய வங்கிகள் வர்த்தக நிலுவைகளைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் அமைப்பான ஆசியத் தீர்வக ஒன்றியத்தின் வழியாக இலங்கை இந்தியாவுக்குச் செலுத்த வேண்டியதை ரிசர்வ் வங்கி பலமுறை தள்ளிவைத்தது. தள்ளிவைத்த பணம் கையிருப்பில் இருப்பதாகவே தெரியும், ஆனால் அது ஏற்கெனவே செலவான பணம். மறுபக்கத்தில், எரிபொருளுக்கு இந்தியா தந்த 50 கோடி டாலர் கடன் வசதியும் அத்தியாவசியப் பொருளுக்கான 100 கோடியும் கையிருப்பில் வரவே இல்லை, கப்பல்களாக மட்டுமே வந்தன. தமிழ்நாடு அரசு அனுப்பிய 40,000 டன் அரிசிக்கும் இந்த எண்களில் இடமில்லை.

முன்னோக்கு ஒப்பந்தங்களும் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனும் கிடைக்கும் இடம், சர்வதேச நாணய நிதியத்தின் கையிருப்பு விவரப் படிவம். இரண்டு மத்திய வங்கிகளும் மாதந்தோறும் அதை நிரப்பி வெளியிடுகின்றன. முதல் பகுதியைத்தான் பத்திரிகைகள் எடுத்தாளுகின்றன. இரண்டாம் பகுதியில்தான் வரவிருக்கும் வெளியேற்றங்கள் ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன.

வகுப்பதற்கு எந்த எண்? இறக்குமதி மாதக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பணம் இல்லாதபோது இறக்குமதியும் விழும், ஆகவே விகிதம் தானாகவே நன்றாகத் தெரியும். 2023 இறுதியில் இலங்கையின் கையிருப்பு 439 கோடி டாலர். அந்த ஆண்டு இறக்குமதி 1,680 கோடி. வகுத்தால் 3.1 மாதம். ஆனால் அப்போது வாகன இறக்குமதிக்குத் தடை இருந்தது. இயல்பான ஆண்டான 2018இன் 2,220 கோடியால் வகுத்தால் 2.4 மாதம்தான். ஆகவே நெருக்கடிக்கு முந்தைய மூன்று ஆண்டுச் சராசரியை வகுஎண்ணாக வைப்பதே நேர்மை. அதோடு ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய வெளிக்கடனாலும் தனியாக வகுக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுவே நாட்டின் உண்மை நிலை.

12,000 கோடி இழந்தும் அசையாத நாடு

2021 செப்டம்பரில் இந்தியாவின் கையிருப்பு 64,245 கோடி டாலர். 2022 அக்டோபரில் சுமார் 52,450 கோடி. பதின்மூன்று மாதத்தில் ஏறக்குறைய 11,800 கோடி டாலர் குறைந்தது, இலங்கையின் ஓராண்டு மொத்த உற்பத்தியைவிட அதிகம். எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் வரிசை நிற்கவில்லை.

இதில் ஒரு பகுதி விலகவே இல்லை. இந்தியாவின் சொத்துகளில் யூரோ, பவுண்டு, யென் உண்டு. 2022இல் டாலர் வலுத்தபோது அவற்றின் டாலர் மதிப்பு சுருங்கியது. அமெரிக்க வட்டி ஏறியதால் பத்திர விலையும் இறங்கியது. அந்த நிதியாண்டின் முதல் பாதிச் சரிவில் 67 சதவீதம் இந்த மதிப்பு மாற்றமே என்று ஆளுநர் சக்திகாந்த தாஸ் செப்டம்பர் 30 அன்று தெரிவித்தார். 2022-23 முழுவதற்கும் கையிருப்பு 2,890 கோடி டாலர் குறைந்தது. உண்மையில் வெளியேறியது 910 கோடி. ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் இந்தப் பிரிப்பை வெளியிடுகிறது. ஒப்பீட்டில் பயன்படுத்த வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

இந்தியாவின் கையிருப்பும் ஏற்றுமதி உபரியில் சேர்ந்தது அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் நடப்புக் கணக்கில் பற்றாக்குறைதான். உள்ளே வந்த முதலீட்டு டாலரை ரிசர்வ் வங்கி சந்தையில் வாங்கிச் சேர்த்தது: 2007-08இல் 7,820 கோடி, 2020-21இல் 6,830 கோடி. வித்தியாசம், வந்த பணத்தின் தன்மை. பங்கு முதலீட்டுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. பன்னாட்டுப் பத்திரத்துக்கு உண்டு. இந்திய அரசு இதுவரை டாலரில் பத்திரம் வெளியிட்டதில்லை. 1991இன் 146.5 சதவீதக் குறுகிய காலக் கடன் விகிதம் 2008 மார்ச்சில் 14.8 சதவீதமாகச் சுருங்கியதற்குக் கையிருப்பின் அளவோடு இந்தக் கட்டுப்பாடும் காரணம்.

மீண்ட பிறகு பார்க்க வேண்டியவை

2022 ஏப்ரலில் பொறுப்பேற்ற ஆளுநர் நந்தலால் வீரசிங்க முதல் கூட்டத்திலேயே கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். 2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒப்புதல் பெற்றது. வங்கி விகிதமும் சந்தை விகிதமும் ஒன்றானதும் வெளிநாட்டுப் பணம் திரும்பியது: 2023இல் 597 கோடி, 2024இல் 658 கோடி. மத்திய வங்கி சந்தையில் டாலர் வாங்கத் தொடங்கியது. 2024 இறுதியில் கையிருப்பு சுமார் 610 கோடி. சீனப் பரிமாற்று, சுமார் 140 கோடி டாலர், அப்போதும் அதற்குள் இருந்தது. கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். 2024 டிசம்பரில் 1,255 கோடி டாலர் பத்திரங்கள் மாற்றியமைக்கப்பட்டன. பிற நாடுகளுக்கான அசலை 2028 முதல் கட்டத் தொடங்க வேண்டும். ஆகவே 2027இலிருந்து இலங்கையின் படிவத்தில் இரண்டாம் பகுதியின் ஓராண்டுப் பத்தி கனக்கத் தொடங்கும். தலைப்பு எண் ஏறினாலும் அந்தப் பத்தி அதைவிட வேகமாக ஏறுகிறதா என்பதே கேள்வி.

இந்தியாவில் 2024 செப்டம்பர் 27 அன்று கையிருப்பு 70,488 கோடி டாலரைத் தொட்டது. அதன்பின் ரூபாயைத் தாங்க ரிசர்வ் வங்கி முன்னோக்குச் சந்தையில் டாலர் விற்றது. 2025 பிப்ரவரியில் அந்த நிகரப் பொறுப்பு 8,800 கோடி டாலரைத் தாண்டியது, அப்போதைய கையிருப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பெரும்பகுதி புதுப்பிக்கப்படலாம், என்றாலும் கழித்துப் பார்க்க வேண்டிய எண். 2025 அக்டோபரில் தங்கத்தின் மதிப்பு முதன்முறையாக 10,000 கோடி டாலரைக் கடந்தது. மார்ச் இறுதியில் அது சுமார் 7,800 கோடி. இடைப்பட்ட காலத்தில் எடை 879.58 டன்னிலிருந்து 880.18 டன்னாக மாறியது, 600 கிலோ மட்டும். மீதி எல்லாம் விலை. 2025இன் கையிருப்பு வரைபடத்தை வரைபவர், தங்க வரிசையைத் தனியாக எடுத்து டன்னில் எழுதிவிட்டு வரையத் தொடங்கட்டும்.